வரிச்சலுகை வீட்டு விலையில் போனது, வாடகைக்கு வரவில்லை

2016 ஆகஸ்ட் மாதம், ஒரு சனிக்கிழமை காலை. சிட்னியின் மேற்குப் பக்கம், பென்ரித்துக்கு அருகே ஒரு வீட்டு முற்றத்தில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. 1990-இல் கட்டிய மூன்று படுக்கையறை வீடு. வாங்கி வாடகைக்கு விடலாம் என்றுதான் போயிருந்தோம். நானும் மனைவியும் 5 லட்சத்து 80 ஆயிரம் டாலர்தான் உச்சம் என்று முந்தின இரவு பேசி முடிவு செய்துகொண்டு வந்திருந்தோம். ஏலம் 5,85,000-ஐத் தொட்டபோது நான் கையை இறக்கிக்கொண்டேன். அப்போது வீட்டுக் கடன் ஏற்பாடு செய்துதரும் புரோக்கர் போனில் வந்தார். நம்ம ஊர்ப் பையன்தான்.

"அண்ணே, இன்னொரு 30 ஆயிரத்துக்கு மாசம் வட்டி 115 டாலர்தான் வரும். அதுல நாப்பது பர்சென்ட் டாக்ஸ்ல திரும்பி வந்துடும். விடாதீங்க."

மனைவி என் கையைப் பிடித்தாள். "ஏங்க, 580-க்கு மேல வேண்டாம்னு பேசினோமே." நான் புரோக்கர் சொன்ன கணக்கை அவளிடம் திருப்பிச் சொன்னேன். அப்புறம் கையைத் தூக்கினேன்.

எதிரே நின்று ஏலம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒரு இளம் தம்பதி. பெண்ணின் தோளில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. 6,05,000 வரை வந்தார்கள். நான் 6,10,000 என்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பையன் மெதுவாகத் தலையை ஆட்டிவிட்டு ஏலக்காரரிடம் எண் அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். குழந்தை எழுந்துவிடாமல் இருக்க அந்தப் பெண் அசையாமல் நின்றிருந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அவர்கள் குடியிருக்க வாங்க வந்தவர்கள். அந்தக் கூடுதல் 30 ஆயிரத்துக்கு அவர்கள் கட்ட வேண்டிய வட்டி மாதம் 115 டாலர் என்றால் முழு 115-ம் வரி கட்டியது போக மிஞ்சிய சம்பளத்திலிருந்து போக வேண்டும். எனக்கு அதே 115, கிட்டத்தட்ட 70 டாலர்தான். அன்று ஏலத்தில் ஜெயித்தது என் சாமர்த்தியம் இல்லை, இந்த வித்தியாசம். அதை நான் புரிந்துகொள்ள ஏழு வருஷம் ஆனது.

ஆஸ்திரேலியாவில் வீட்டு முதலீடு பற்றி நம் ஆட்கள் பேசும்போது 'நெகட்டிவ் கியரிங்' என்ற சொல் வராமல் இருக்காது. வார இறுதி விருந்துகளில் பிரியாணி பரிமாறும் முன்பே வந்துவிடும். ஆனால் கணக்கைப் போட்டுக் காட்டுபவர்கள் குறைவு. என் முதல் வருஷக் கணக்கை அப்படியே சொல்கிறேன்.

கடன் 5,40,000 டாலர். வட்டி மட்டும் கட்டும் லோன், ஏறத்தாழ 4.6 சதவீதம். வருஷத்துக்கு வட்டி 25,000. கவுன்சில் வரி, தண்ணீர், இன்சூரன்ஸ், ஏஜென்ட் கமிஷன், பழுதுவேலை எல்லாம் சேர்ந்து 6,000. வாரம் 400 டாலர் வாடகை. இரண்டு வாரம் காலியாகக் கிடந்தது போக வருஷத்துக்கு 20,000 கிடைத்தது. ஆக, கையிலிருந்து போனது 11,000. இதற்கு மேல், வீடும் பொருளும் பழசாவதற்கான தேய்மானம் என்று காகிதத்தில் ஒரு 4,000. வரிக் கணக்கில் என் நஷ்டம் 15,000 டாலர்.

இந்த 15,000-ஐ என் சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம் என்பதுதான் நெகட்டிவ் கியரிங். அப்போது என் சம்பளம் 1,05,000. அந்த அடுக்கில் வரி 37 சதவீதம், பொது மருத்துவத்துக்கான மெடிகேர் வரி 2 சதவீதம். 15,000-க்கு 39 சதவீதம் என்றால் 5,850 டாலர் திரும்பி வந்தது. கையிலிருந்து போன 11,000-இல் இதைக் கழித்தால் மிச்சம் 5,150. வாரத்துக்கு நூறு டாலர். "வாரம் நூறு டாலரில் ஒரு வீடு" என்று புரோக்கர் சொன்னது பொய் இல்லை.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த 5,850 நான் சம்பாதித்தது இல்லை. நான் இழந்ததில் ஒரு பங்கை மற்ற வரி கட்டுபவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான். மீதிப் பங்கு என் தலையில். வீட்டு விலை ஏறினால்தான் இந்த ஏற்பாட்டுக்கே அர்த்தம். நான் வாங்கியது வாடகை வருமானத்துக்காக இல்லை, விலை ஏறும் என்ற நம்பிக்கைக்காக. என்னைப் போல லட்சக்கணக்கானவர்கள். வாடகைக்கு விடும் வீடு வைத்திருப்பவர்கள் இந்த நாட்டில் சுமார் 22 லட்சம் பேர், அவர்களில் பத்தில் ஏழு பேரிடம் இருப்பது ஒரே ஒரு வீடு. பெரிய பணக்காரர்கள் மட்டும்தான் இதைச் செய்கிறார்கள் என்பது சரியில்லை. ஆனால் வருமானம் கூடக் கூட வரி அடுக்கு கூடும், திரும்பி வரும் பணமும் கூடும். அதே 15,000 நஷ்டம் 45 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு 7,000 டாலருக்கு மேல் தரும். ஆக, ஏலத்தில் அவர் என்னைவிட உயரம் போகலாம், நான் அந்தத் தம்பதியைவிட உயரம் போனது போல.

அந்த நேரத்தில் நாங்களே வாடகை வீட்டில்தான் இருந்தோம். வென்ட்வொர்த்வில் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் அடுக்குமாடிக் கட்டடத்தில் இரண்டு படுக்கையறை யூனிட். மனைவி நர்ஸ், வேலை பக்கத்தில். எனக்கு ஐ.டி. வேலை, ரயிலில் போய்வருவேன். வேலைக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்துகொண்டு, விலை கட்டுப்படியாகும் தொலைவில் வீடு வாங்கி வாடகைக்கு விடுவது இங்கே நிறையப் பேர் செய்வது. இதனால் எனக்கு ஒரே சமயத்தில் இரண்டு பக்கமும் பார்க்கக் கிடைத்தது. வாடகை வாங்குபவனும் நான்தான், கொடுப்பவனும் நான்தான்.

'முதலீட்டாளருக்கு வரிச்சலுகை இருப்பதால்தான் வாடகை குறைவாக இருக்கிறது, அதை எடுத்தால் வாடகை ஏறிவிடும்' என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் சொன்னவன்தான். என் சொந்தக் கணக்குப் புத்தகத்தை வைத்து அதைச் சோதித்துப் பார்த்தேன்.

2020 மார்ச்சில் எல்லை மூடப்பட்டது. மாணவர்கள், புதிதாக வருபவர்கள் யாரும் இல்லை. எங்கள் கட்டடத்தில் மூன்று யூனிட் காலி. வாசலில் 'வாடகைக்கு' பலகை வெயிலில் வெளுத்துப்போகும் வரை தொங்கியது. வாரம் 420 கொடுத்துக்கொண்டிருந்த நாங்கள், குறைக்க முடியுமா என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் போட்டோம். மறுநாளே 380 என்று பதில் வந்தது. வரிச் சட்டத்தில் அப்போது எதுவும் மாறவில்லை. எங்கள் வீட்டு உரிமையாளருக்கு என்ன சலுகை முன்பு இருந்ததோ அதேதான் அப்போதும்.

அதே வருஷம் என் பென்ரித் வீட்டில் வாடகை 420-இலிருந்து 425 ஆனது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் காலம், எல்லாரும் கூடுதல் அறையும் முற்றமும் தேடினார்கள். அதே வரிச் சட்டம், அதே நகரம், ஒரு இடத்தில் வாடகை இறங்கியது, இன்னொரு இடத்தில் ஏறியது.

இன்னொன்று. 2021-இல் என் கடன் வட்டி 2.9 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. வட்டிச் செலவு 15,000 சொச்சம். வாடகையும் செலவும் ஏறக்குறைய நேராகிவிட்டன, நஷ்டம் என்று காட்ட ஒன்றும் பெரிதாக இல்லை. வரியில் திரும்பி வந்தது சில நூறு டாலர்தான். வட்டி இவ்வளவு குறைந்ததே என்று நான் குடியிருப்பவர்களுக்கு வாடகையைக் குறைத்தேனா? அந்த எண்ணமே எனக்கு வரவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான். வட்டி குறைந்ததற்காக எனக்குத் தெரிந்து யாரும் குறைக்கவில்லை.

அப்புறம் 2022 மே மாதம் ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கியது. 0.10 சதவீதத்தில் இருந்தது 2023 நவம்பருக்குள் 4.35 ஆனது. மொத்தம் 13 முறை ஏற்றம். அதற்குள் அசலும் சேர்த்துக் கட்டும்படி ஆகியிருந்த என் மாதத் தவணை ஆயிரம் டாலருக்கு மேல் கூடிவிட்டது. ஏஜென்டைக் கூப்பிட்டேன். வாரம் 250 கூட்டினால்தான் எனக்கு ஈடாகும் என்றேன்.

அந்தப் பெண் நிதானமாகக் கேட்டுவிட்டு, தன் திரையை என் பக்கம் திருப்பினார். அதே தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் மூன்று படுக்கையறை வீடுகள். 510, 520, 530. "உங்கள் வட்டி எவ்வளவு என்று சந்தைக்குத் தெரியாது. 530-க்கு மேல் போட்டால் இவர்கள் காலி செய்வார்கள், வீடு ஒரு மாதம் சும்மா கிடக்கும், அதற்குள் நீங்கள் 2,000 டாலர் இழந்திருப்பீர்கள்" என்றார். 530 போட்டோம்.

அந்த அறையிலிருந்து வெளியே வரும்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. என் வட்டி ஏறினாலும் இறங்கினாலும், எனக்கு வரி திரும்பி வந்தாலும் வராவிட்டாலும், வாடகை அந்தத் திரையில் இருந்த எண்களைப் பார்த்துத்தான் நகர்ந்தது. எத்தனை பேர் வீடு தேடுகிறார்கள், எத்தனை வீடு காலியாக இருக்கிறது, அவர்களால் எவ்வளவு கொடுக்க முடியும் என்பவைதான் அந்த எண்கள். எனக்குக் கிடைத்த சலுகையில் ஒரு டாலரைக்கூட நான் குடியிருப்பவர்களுக்குக் கொடுக்கவில்லை. ஏனென்றால் அது ஏற்கெனவே போய்விட்டிருந்தது. 2016-இல், அந்த ஏலத்தில், 5,80,000-க்கும் 6,10,000-க்கும் நடுவில் வீட்டை விற்றவர் கைக்குப் போய்விட்டது.

இதே சண்டை இந்த நாட்டில் முன்பும் நடந்திருக்கிறது. 1985 ஜூலையில் பிரதமர் பாப் ஹாக்கின் அரசாங்கம், பால் கீட்டிங் நிதியமைச்சராக இருந்தபோது, புதிதாக வாங்கும் வாடகை வீடுகளின் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது என்று நிறுத்தியது. வாடகை வருமானத்தில் மட்டும்தான் கழிக்கலாம். இரண்டு வருஷத்தில், 1987-இல், பழையபடி திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 'அப்போது வாடகை எகிறியது, அதனால்தான் பயந்து திருப்பிக் கொடுத்தார்கள்' என்ற கதை இன்றும் ஓடுகிறது. சிட்னியிலும் பெர்த்திலும் வாடகை நன்றாகவே ஏறியது, அது உண்மை. அந்த இரண்டு நகரங்களிலும் காலி வீடுகள் அதற்கு முன்பே மிகக் குறைவாக இருந்தன. ஆனால் சட்டம் நாடு முழுக்க ஒன்றுதானே? மெல்பர்ன், அடிலெய்ட், பிரிஸ்பேனில் அந்த மாதிரி ஏற்றம் இல்லை. சலுகையை நிறுத்தியதுதான் காரணம் என்றால் எல்லா ஊரிலும் ஏறியிருக்க வேண்டும். என் யூனிட்டும் என் பென்ரித் வீடும் ஒரே வருஷத்தில் எதிரெதிராகப் போனதைப் பார்த்தவனுக்கு இது ஆச்சரியமாக இல்லை.

நியூசிலாந்து 2021-இல் தொடங்கி வாடகை வீட்டு வட்டியைக் கழிக்கும் உரிமையைப் படிப்படியாக எடுத்தது. ஆட்சி மாறியதும் 2024, 2025-இல் படிப்படியாகத் திருப்பிக் கொடுத்தது. இங்கே லேபர் கட்சி 2016-லும் 2019-லும் சலுகையைப் புது வீடுகளுக்கு மட்டும் வைக்கப்போவதாகச் சொல்லித் தேர்தலில் நின்று, இரண்டு முறையும் தோற்றது. எங்கள் வீட்டிலேயே 2019-இல் அது பெரிய வாக்குவாதம். நான் என் வீட்டை நினைத்து எதிர்த்தேன். மனைவி ஆதரித்தாள்.

இன்னொரு பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சலுகையை எடுத்துவிட்டால் வீடு எல்லாருக்கும் எட்டிவிடும் என்பதும் மிகை. கிராட்டன் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு அமைப்பு 2016-இல் போட்ட கணக்கில், நெகட்டிவ் கியரிங்கையும், வீட்டை விற்கும்போது லாபத்துக்குக் கிடைக்கும் வரிச்சலுகையையும் குறைத்தால் வீட்டு விலை சுமார் 2 சதவீதம்தான் குறைவாக இருக்கும் என்று வந்தது. 6,10,000 வீட்டில் அது 12,000 டாலர். விலையை நிர்ணயிப்பதில் வட்டி விகிதத்துக்கும், மனைகளுக்கும், எங்கே எத்தனை மாடி கட்டலாம் என்ற கவுன்சில் விதிகளுக்கும் இதைவிடப் பெரிய பங்கு உண்டு. முதலீட்டாளர்கள் புது வீடு கட்டப் பணம் போட்டால் அது வாடகைக்கு உதவும், அதிலும் சந்தேகம் இல்லை. ஆனால் நான் உட்பட எனக்குத் தெரிந்த பெரும்பாலானோர் வாங்கியது ஏற்கெனவே கட்டி நின்ற வீட்டை. நாங்கள் ஒரு செங்கல்லைக்கூடக் கூட்டவில்லை. ஒரு குடும்பம் வாங்கியிருக்க வேண்டிய வீட்டை வாங்கி, வேறொரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டோம்.

'முதலீட்டாளர்கள் எல்லாரும் விற்றுவிட்டால் வாடகை வீடே இருக்காதே' என்று கேட்பவர்களுக்கும் என் பதில் அங்கேதான் இருக்கிறது. விற்றால் வீடு இடிந்து போவதில்லை. வாடகைக்கு இருந்த ஒரு குடும்பம் வாங்கினால், ஒரு வாடகை வீடு குறைகிறது, வாடகை தேடும் ஒரு குடும்பமும் குறைகிறது. கணக்கு அச்சாகச் சமப்படாது. வாடகை வீட்டில் நெருக்கி ஐந்து பேர் இருப்பார்கள், வாங்குபவர்கள் மூன்று பேராக வருவார்கள். அந்த அளவுக்கு வாடகையில் கொஞ்சம் அழுத்தம் வரலாம். 'எகிறும்' என்று பயமுறுத்தும் அளவுக்கு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் யார் கையில் வீடு இருக்கிறது என்பதை இந்தச் சலுகை மாற்றுகிறது. 30 முதல் 34 வயதுக்காரர்களில் சொந்த வீடு வைத்திருந்தவர்கள் 1971-இல் 64 சதவீதம், 2021-இல் 50 சதவீதம். இதற்குச் சலுகை மட்டும் காரணமில்லை என்று மேலேயே சொல்லிவிட்டேன். ஆனால் அந்தக் கைக்குழந்தைக்காரர்கள் அந்த 50-இல் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, அன்று அவர்களைத் தள்ளிவிட்டது எது என்று தெரியும்.

2024-இல் விற்றோம். ஜூன் கடைசியில் கையெழுத்திட இருந்தது, தள்ளி ஜூலை இரண்டாம் வாரம் ஆனது. 9,90,000 டாலர். அதில்தான் இரண்டாவது சலுகையை நேரில் பார்த்தேன். 1999 செப்டம்பரில் வந்த விதி. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் பாதிக்கு வரியே கிடையாது. அதற்கு முன்பு விலைவாசி உயர்வை மட்டும் கழித்துவிட்டு மீதிக்கு வரி போடுவார்கள்.

எல்லாச் செலவும் போக என் லாபம் ஏறக்குறைய 3,49,000. பாதி, 1,74,500 மட்டும் என் வருமானத்தோடு சேர்ந்தது. வரி சுமார் 77,000. கணக்காளர் சொன்னபோது அதிர்ந்துதான் போனேன். ராத்திரி உட்கார்ந்து இன்னொரு கணக்குப் போட்டேன். இதே 3,49,000-ஐ நான் சம்பளமாக வாங்கியிருந்தால்? மற்றப் பாதிக்கும் 47 சதவீதம், இன்னும் 82,000 கட்டியிருக்க வேண்டும். எட்டு வருஷமும் நெகட்டிவ் கியரிங்கில் திரும்பி வந்தது மொத்தம் 33,000 இருக்கும். எல்லாரும் அதைத்தான் பேசுகிறார்கள், பெரிய சலுகை விற்கும்போது வந்தது.

மனைவி அந்த வாரம் இரண்டு இரவு கூடுதல் ஷிஃப்ட் பார்த்திருந்தாள். மேஜை மேல் அவள் சம்பளச் சீட்டு கிடந்தது. ஓவர்டைமில் ஒரு டாலரும் விடாமல் வரி பிடித்திருந்தார்கள். நான் எட்டு வருஷம் தூங்கிக்கொண்டிருந்தபோது ஏறிய விலைக்குப் பாதி வரி, அவள் தூங்காமல் நின்ற இரவுக்கு முழு வரி. அவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சீட்டை மடித்து ஃபைலில் வைத்தாள். வாதிட்டு ஜெயிக்க முடியாத ஒன்றை நான் அன்று பார்த்தேன். விலைவாசி உயர்வுக்கு ஈடு கொடுப்பது நியாயம். பாதியையே விட்டுக்கொடுப்பது நியாயம் என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை.

சரி, இதில் இறங்கப்போகிறவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன். விதிகள் நான் வைத்திருந்த காலத்துக்கானவை. வரிச் சட்டம் எப்போது வேண்டுமானாலும் மாறலாம், வாங்கும் முன் ஒரு கணக்காளரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். புரோக்கரிடம் இல்லை, கணக்காளரிடம். புரோக்கருக்குக் கடன் எடுத்தால்தான் கமிஷன்.

வாங்கின முதல் மாதமே உடைந்த வேலியை மாற்றி, உள்ளே பெயின்ட் அடித்து, அத்தனையையும் அந்த வருஷமே கழித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். வாங்கும்போதே இருந்த சேதத்தைச் சரிசெய்வது பழுதுவேலைக் கணக்கில் வராது என்று கணக்காளர் அடித்துவிட்டார். குடியிருப்பவர்கள் வந்தபின் உடைந்து நீங்கள் சரிசெய்தால் அது வேறு. ரசீதுகளைத் தேதியோடு பிரித்து வையுங்கள்.

தேய்மானத்தை 'சும்மா கிடைக்கும் காசு' என்று சொல்வார்கள். கட்டடத்தின் கட்டுமானச் செலவில் வருஷம் இரண்டரை சதவீதம் என்று கழிக்கிறீர்களே, விற்கும்போது அந்தத் தொகை முழுவதும் உங்கள் வாங்கிய விலையிலிருந்து குறையும், லாபம் அவ்வளவு கூடும். எனக்கு எட்டு வருஷத்தில் 16,000 அப்படித் திரும்பிவந்து நின்றது. பழைய வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஏசி, அடுப்பு, கார்ப்பெட் போன்றவற்றுக்கு 2017 மே 9-க்குப் பின் வாங்கியவர்களுக்குத் தேய்மானம் கிடையாது. வாடகை வீட்டைப் பார்க்கப் போய்வரும் செலவும் 2017 ஜூலை முதல் கிடையாது. பழைய கணக்கைக் காட்டி வீடு விற்பவர்களிடம் இதைக் கேளுங்கள்.

பத்திரத்தில் யார் பெயர் என்பதை வாங்கும் முன்பே நன்றாக யோசித்து முடிவு செய்யுங்கள். எனக்கு வரி அடுக்கு அதிகம், நஷ்டத்தை என் பெயரில் காட்டினால் ரிஃபண்ட் கூட வரும் என்று என் பெயரில் மட்டும் வாங்கினோம். விற்றபோது லாபம் முழுவதும் என் பெயரிலேயே விழுந்து, பெரும்பகுதி 45 சதவீத அடுக்குக்குப் போய்விட்டது. இருவர் பெயரில் இருந்திருந்தால் அது பிரிந்திருக்கும். வருஷா வருஷம் வந்த சின்னத் தொகையைப் பார்த்து, கடைசியில் வரும் பெரிய தொகையை நாங்கள் பார்க்கவில்லை. எந்த நிதியாண்டு என்பதற்கு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட தேதிதான் கணக்கு, சாவி கைமாறும் தேதி இல்லை. இதையும் கடைசி நேரத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

ரிஃபண்டை வருஷக் கடைசி வரை காத்திருக்காமல், மாதச் சம்பளத்திலேயே வரியைக் குறைத்துப் பிடிக்கச் செய்யும் வசதி ஒன்று உண்டு. அதை எடுத்தவர்கள் அதைச் சம்பள உயர்வு போலச் செலவழித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நான் எடுக்கவில்லை, அதில் மட்டும் சரியாக இருந்தேன்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2023-இல் எங்கள் வாடகையை 430-இலிருந்து 560 ஆக்கிக் கடிதம் வந்தது. 'வட்டி உயர்வு காரணமாக' என்று எழுதியிருந்தது. நான் அப்போதுதான் என் ஏஜென்டின் திரையைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அதே தெருவில் அதே அளவு யூனிட்கள் மூன்றின் விளம்பரத்தை, 520, 525, 530 என்று, தேதியோடு சேமித்து அனுப்பினோம். நாங்கள் ஒன்பது வருஷமாக ஒரு வாரம்கூடத் தாமதிக்கவில்லை என்றும் எழுதினோம். 530-க்கு ஒத்துக்கொண்டார்கள். வட்டியைப் பற்றி நாங்கள் வாதிடவே இல்லை. நியூ சவுத் வேல்ஸில் வாடகை ஏற்ற 60 நாள் முன்னறிவிப்பு எழுத்தில் வேண்டும், 12 மாதத்துக்கு ஒரு முறைதான் ஏற்றலாம். மிகை என்று தோன்றினால் கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கேயும் அவர்கள் பார்க்கும் பட்டியலில் முதலில் நிற்பது பக்கத்து வீடுகளின் வாடகை. 2025 மே 19 முதல் காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்லவும் முடியாது. எங்கள் ஆட்களில் பலர், 'கேட்டால் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள்' என்று பயந்து கேட்காமலேயே இருந்துவிடுகிறார்கள். கேளுங்கள்.

என் வீட்டில் ஆறு வருஷம் குடியிருந்தவர்கள், விற்கப் போகிறோம் என்றதும், தாங்களே வாங்க முடியுமா என்று கேட்டார்கள். அவர் லாரி ஓட்டுகிறார், இரண்டு பிள்ளைகள் தெருமுனைப் பள்ளியில். வங்கிக்குப் போய்வந்தார்கள். முன்பணம் போதவில்லை. ஆறு வருஷத்தில் அவர்கள் எனக்குக் கொடுத்த வாடகை 1,40,000 டாலரைத் தாண்டும். வாங்கியது பிளாக்டவுனில் வாடகைக்கு இருந்த ஒரு குடும்பம், அவர்களுக்கு முதல் வீடு. குடியிருந்தவர்கள் செயின்ட் மேரிஸில் ஒரு யூனிட்டுக்குப் போனார்கள். போகும் முன் அடுப்பின் உள்தட்டைக்கூடத் தேய்த்துப் பளபளவென்று வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் குடிவரும்போது கட்டிய பாண்ட் பணம், அதாவது அட்வான்ஸ், முழுவதையும் அன்றே விடுவிக்கச் சொன்னேன். அதற்கு மேல் என்ன செய்திருக்கலாம் என்று இன்னும் யோசிக்கிறேன்.

நாங்கள் அந்தப் பணத்தில் டூங்காபியில் குடியிருக்க ஒரு டவுன்ஹவுஸ் வாங்கினோம்.

போன மாதம் அண்ணன் மகன் லாப்டாப்போடு வந்தான். 8,50,000-க்கு ஒரு வீடு பார்த்திருக்கிறான், வாடகைக்கு விடத்தான். அவனுடைய கணக்குத் தாளில் கடைசி வரியில், கையிலிருந்து போக வேண்டியது 'வாரம் 230' என்று பச்சை நிறத்தில் இருந்தது. ரிஃபண்ட் என்ற பத்தியை அழித்துவிட்டுப் பார்க்கச் சொன்னேன். 385 ஆனது. வட்டியை ஒரு சதவீதம் ஏற்றச் சொன்னேன். 530.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "சித்தப்பா, ஏலம் சனிக்கிழமை. இதை அவகிட்ட காட்டிட்டுச் சொல்றேன்" என்று லாப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு போனான்.